சதாசிவக் கிராணியின் இரண்டாம் ஆதாரம்

யோகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர். மலாயாவில், ஜொகூரில், லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். வாரத்துக்கு ஒரு தரம் டாக்டர் வந்து போவார், மற்ற ஆறு நாளும் சபாபதி என்கிற நான்தான் டாக்டர். எனக்குக் கோபம் அதிகம் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பேசிக்கொள்வார்கள். காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்புகிறவனிடம் கோபப்படாமல் வேறென்ன செய்வது? ஆனால் கோபப்பட வேண்டிய ஓர் இடத்தில் நான் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சதாசிவம் எங்கள் தோட்டத்துக் கிராணி. ஆபீஸ் எழுத்துவேலை முழுக்க அவன் கையில். அப்பன் வேலு பால் மரம் வெட்டியவன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவன். மரம் வெட்டியவன் மகன் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிப்பது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமா? ஜொகூர் பாருவில் சித்தப்பன் வீட்டில் தங்கி ஆறாம் ஸ்டாண்டர்டு வரை இங்கிலீஷ் படித்தான். திரும்பி வந்தபோது காலில் செருப்பு, சட்டைப் பையில் பேனா. ஆனால் கர்வம் கிடையாது. அப்பனோடு வேலை செய்த கிழவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். நன்றாகச் சாப்பிடுவான், சத்தம் போட்டுச் சிரிப்பான், கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் ஆடுவான். அவன் ஆடினால் மேளக்காரனே வேர்த்துப்போவான்.

1920இல் அவனுக்குக் கல்யாணம். பெண் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த செல்லம். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், இந்தியாவைப் பார்த்த நினைவே அவளுக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய்க்கு வாய் பதில் சொல்வாள். இருவரும் சண்டை போட்டால் ஆபீஸ் வரை கேட்கும், அடுத்த நிமிஷம் சிரிப்பதும் கேட்கும். எல்லாம் இருந்தது, பிள்ளைதான் இல்லை. பதினொரு வருஷம் ஆயிற்று. கரைந்துபோனது இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அவனுடைய பெரியப்பன் மாதம் தவறாமல் கடிதம் போட்டார். இன்னொரு பெண் பார்த்து வைத்திருக்கிறோம், வந்து தாலி கட்டிக்கொண்டு போ என்று. சதாசிவம் அந்தக் கடிதங்களைச் செல்லத்துக்குப் படித்துக் காட்டவே மாட்டான். ஒன்றை மட்டும் என்னிடம் காட்டினான்.

"எனக்குப் புள்ள வேணும்யா. இல்லேன்னு சொல்லல. ஆனா அது செல்லத்துக்கிட்டதான் பொறக்கணும். ஊருக்குப் போனா என்னைய விடமாட்டானுங்க, புடிச்சுக் கட்டிவச்சிருவானுங்க. அதனாலயே நான் கப்பல் ஏறமாட்டேன்," என்றான்.

இது நடந்தது 1931 தை மாதம். அதற்கு அடுத்த வாரம்தான் பினாங்கிலிருந்து தெரிந்தவர் ஒருத்தர் அவனுக்கு ஒரு யோகப் புத்தகத்தை அனுப்பினார். அட்டை கிழிந்த பழைய புத்தகம்.

புத்தகத்தை நானும் படித்தேன். உடம்புக்குள் முதுகுத்தண்டு வழியாக ஆறு ஆதாரங்கள். அடியில் மூலாதாரம். அதற்கு மேலே, தொப்புளுக்கு நாலு விரல் கீழே, இரண்டாவது. அதன் பெயர் சுவாதிட்டானம். ஆறு இதழ்த் தாமரை, சிந்தூர நிறம், தண்ணீருக்குச் சொந்தமான இடம். நம் சித்தர்கள் அங்கே பிரமனை வைத்திருக்கிறார்கள், படைக்கிற இடம் என்று. ஆசை பிறப்பதும் அங்கேதான், பிள்ளை பிறப்பதும் அங்கேதான். அந்த இடம் அடைத்துப்போனால் மனிதன் காய்ந்துபோவான், நிரம்பி வழிந்தால் ஆசையே அவனைக் கொண்டுபோய்விடும், இரண்டும் இல்லாமல் சமமாக ஓட வேண்டும் என்று எழுதியிருந்தது. தப்பான பேச்சு என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை.

சதாசிவம் உட்கார ஆரம்பித்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன் குளித்துவிட்டு, பின்வாசலில் பாய் போட்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒட்டி, முழங்கால்கள் தரையைத் தொடும்படி தாழ்த்தி உட்காருவான். இடுப்பை அம்மிக்குழவி அரைக்கிற மாதிரி மெல்ல வட்டமாகச் சுற்றுவான். இடது மூக்கால் இழுத்து, அடிவயிற்றை உள்ளே ஒடுக்கிப் பிடித்து, வலது மூக்கால் விடுவான். பிறகு கண்ணை மூடி அந்த நாலு விரல் இடத்தில் மனத்தை நிறுத்தி, வம் என்று நூற்றெட்டுத் தரம். நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம். நடுவில் ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது புத்தகத்தின் கட்டளை.

பலன் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பதினைந்து வருஷ முதுகுவலி போயிற்று. கள்ளுக்கடைப் பக்கம் போவதை விட்டான். முகத்தில் ஓர் அமைதி. செல்லமே என் மனைவி ராஜம்மாவிடம் வந்து, "இப்பல்லாம் அவரு சண்டைக்கே வரமாட்டேங்குறாரு அக்கா, எனக்குப் போரடிக்குது," என்று சிரித்தாள். நானும் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு முழங்கால் மடங்கவில்லை, விட்டுவிட்டேன்.

வருஷம் போயிற்று, பிள்ளை வரவில்லை. அங்கேதான் பிசகிற்று. ஆசை சமமாக வேண்டும் என்று உட்கார்ந்தவனுக்கு, உட்காருவதே ஓர் ஆசையாகிவிட்டது. ஒரு மண்டலம் முடித்துவிட்டு மூச்சு விடாமல் அடுத்தது, அதற்கடுத்தது. உப்பை நிறுத்தினான், சோற்றை நிறுத்தினான். பால், தேன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். யோகிக்கு இதுதான் உணவு என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

1932 ஆனியில் அவனுக்குத் தாகம் ஆரம்பித்தது. ஆபீஸில் மேசைக்குக் கீழே ஒரு கூஜா வைத்திருப்பான். அது இரண்டாயிற்று. நான் கேட்டால், "தண்ணித் தத்துவம் எழும்புதுய்யா," என்பான். அடிக்கடி எழுந்து பின்பக்கம் போனான். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. தொடை போயிற்று, கன்னம் போயிற்று. "உடம்பு லேசாகும்னு போட்டிருக்கு, பாத்தியா? பஞ்சு மாதிரி இருக்கேன்," என்றான். அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிராணி வீட்டுப் பின்பக்கம் சாக்கடை கூட்டுகிறவள் காளியம்மா. ஒரு நாள் அவள் ஓடிவந்து, கிராணியார் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது, கறுப்பாகப் பாய் விரித்த மாதிரி மொய்க்கிறது, சர்க்கரை கொட்டினாலும் இப்படி வராது என்று சொன்னாள். என்னிடம் சொன்னதோடு நின்றிருந்தால் சரி. லயம் முழுக்கச் சொன்னாள். உச்சியிலிருந்து அமிர்தம் ஒழுகுகிறது, சாமி உடம்பு இனிப்பாகிவிட்டது என்று எவனோ விளக்கம் சொன்னான். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது சாக்கடை ஓரத்தில் கற்பூரம் ஏற்றியிருந்தது. இரண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டினேன். மறுநாள் காலை மறுபடி கற்பூரம்.

நான் நேராக ஆபீஸுக்குப் போய் சதாசிவத்தைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அவன் கொடுத்த சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். அது பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல்லைக் கரைத்த மாதிரி சிவந்து குழம்பிற்று. என் பன்னிரண்டு வருஷ வேலையில் அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை.

சதாசிவம் குழாயை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

"சிந்தூர நெறம்," என்றான். "ரெண்டாம் ஆதாரத்தோட நெறம் இதுதான்யா."

"யோவ், இது நீரிழிவு. தாகம் நீரிழிவு, எறும்பு நீரிழிவு, நீ பஞ்சா எளச்சது நீரிழிவு. தேனையும் பழத்தையும் தின்னு நீயே வளத்துருக்க. சிங்கப்பூர்ல இதுக்கு ஊசி வந்திருக்கு, இன்சுலின்னு பேரு. டெய்லி போட்டுக்கணும். நாளைக்கே ரயில் ஏறு," என்றேன்.

படித்தவன்தானே, விளங்காமல் இல்லை. குழாயை மெல்லக் கீழே வைத்தான்.

"புஸ்தகத்துல எழுதிட்டியா?"

ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டான். அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்போது ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். மாதக் கடைசியில் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் துரை என்னிடம் ஒரு பட்டியல் கேட்பார், தீராத வியாதிக்காரர்கள் யார் யார் என்று. பதிவுப் புத்தகத்தைப் பார்த்து நான் பெயர் எழுதிக் கொடுப்பேன். அதை ஆபீஸில் டைப் அடித்துத் துரை கையெழுத்துக்கு வைப்பவன் சதாசிவம். பட்டியலில் பெயர் வந்தவனைக் குடும்பத்தோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். போன மாதம் பதினொரு பேர். கிராணி என்றால் தப்பிப்பான் என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணியையே அனுப்பினார்கள்.

"என் பேர நானே டைப் அடிக்கவா?" என்றான்.

நான் ஸ்பிரிட் விளக்கை அணைத்தேன்.

"சபாபதி, அங்க போனா என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியும். பெரியப்பன் பொண்ண ரெடியா வச்சிருக்காரு. செல்லம் அந்த ஊர்ல என்னா செய்வா? மலடின்னு தின்னுருவாளுங்க. இந்த மண்டலம் முடிய இன்னும் பத்தொம்போது நாளு. முடிச்சிட்டு நானே லீவு போட்டு சிங்கப்பூர் போறேன், யாருக்கும் தெரியாம ஊசி போட்டுக்கறேன். பத்தொம்போது நாளு. எழுதாத. செல்லத்துக்கிட்டயும் சொல்லாத, அவ அழுவா."

டாக்டரிடம் சொன்னால் டாக்டர் துரையிடம் சொல்வார். துரையிடம் போனால் பட்டியல். இப்படி எல்லாம் யோசித்தேன். பேனாவை மூடிவைத்தேன். தேனை நிறுத்து, பழத்தை நிறுத்து, தினமும் காலையில் வந்து குழாயைக் காட்டு என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றான். நாலு நாள் வந்தான். நிறம் மாறவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து வரவில்லை. கேட்டதற்கு, அடிக்கடி பார்த்தால் மனம் சிதறுகிறது என்று சொல்லியனுப்பினான். அன்றைக்காவது நான் போயிருக்க வேண்டும். காய்ச்சல்காரர்கள் வராந்தா வரை படுத்திருந்தார்கள், அதை எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவன் பக்கத்தில் போனபோது பழ வாசனை அடித்தது. பழுத்து மிஞ்சிய பழத்தின் வாசனை, அவன் மூச்சிலிருந்து. யோகம் பலித்தவன் உடம்பு மணக்கும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது லயம் வரை பரவியிருந்தது, லயத்துப் பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார்கள், மூச்சுக் காற்றுப் பட்டால் நோய் வராதாம். அந்த வாசனைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ரத்தம் கெட்டுப்போகிற வாசனை அது. "இன்னைக்கே கிளம்பு," என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. "பதினோரு நாளுதான்யா," என்று சிரித்தான். நாக்கு உலர்ந்து சொல் குழறிற்று. அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவு லேசாக இருந்தான். நான் தூக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும். அன்று அவன் ஆபீஸ் போகவில்லை. காளியம்மா ஓடிவந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. "டிரெசரய்யா, சாமிக்கு மூச்சு ஏறுது. வந்து பாருங்க," என்றாள்.

நான் ஓடினேன். பின்வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். சுவரில் சாய்ந்து, கால்களை ஒட்டிவைத்தபடி சதாசிவம் உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு ஆழமாக, நீளமாக, ஒரே அளவாக, இரைந்து வந்தது. நெஞ்சு மேலே ஏறி, தாழ்ந்து, மறுபடி ஏறிற்று. எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள். செல்லம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் கும்பிடவில்லை.

"அண்ணே, காலைலேர்ந்து கூப்புடுறேன், பேசமாட்டேங்குறாரு. தியானம்னு சொல்றாங்க. தியானந்தானா?" என்றாள்.

"இல்ல," என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவன் கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன். கண் இமை அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் சாமியைத் தொடாதே என்று முணுமுணுத்தார்கள். கங்காணி கனகராஜ் குறுக்கே வந்தான், தள்ளிவிட்டேன். துரை பங்களாவுக்கு ஓடி, லாரி கேட்டு, பாயோடு தூக்கிப் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். தெற்கே போகிற ரயில் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். பிளாட்பாரத்தில் செல்லத்தின் மடியில் அவன் தலை. அந்த மூச்சு இரைந்துகொண்டே இருந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. ரயில் வந்து, நின்று, போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

தோட்டத்தில் அவனை உட்காரவைத்துத்தான் புதைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சாமிக்குச் செய்கிற மரியாதையாம். நான் தடுக்கவில்லை, என்னிடம் தெம்பில்லை. பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து, நீரிழிவு என்று எழுதித் தேதி போட்டேன். பன்னிரண்டு நாளைக்கு முந்திய தேதியைப் போட முடியாது, இறந்த தேதியைத்தான் போட வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்லம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெள்ளைச் சேலை. மருந்து வாங்க நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்து, என் மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் போன பிறகு நான் ராஜம்மாவிடம் கொட்டியிருந்தேன், அவள் செல்லத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், நீல மருந்து, பத்தொன்பது நாள், பட்டியல், எல்லாவற்றையும்.

"கப்பல்ல போட்டுருவாங்கன்னு பயந்தாராமே."

"ஆமாம்மா. அங்க போனா ஒன்னைய..."

"தெரியும்ணே. பெரியப்பா லெட்டரு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எழுத்துதான் படிக்கத் தெரியாது, அவரு மூஞ்சி படிக்கத் தெரியும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவரு இன்னொருத்தியக் கட்டியிருந்தா கட்டிட்டுப் போறாரு. நான் அந்த வீட்டுல சாணி அள்ளியிருப்பேன். பத்து வீட்டுல பாத்திரம் தேச்சிருப்பேன். அவரு இருந்திருப்பாருல்ல? நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்து எனக்காகப் பயந்தீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் மேசையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் காட்டாத கோபத்தை அவளும் காட்டவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு அந்தக் குழாயில செவப்பா வந்துச்சே, அப்ப நான் வீட்லதான் இருந்தேன். மொளகா காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். இங்கேருந்து என் வீட்டுக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆவும்ணே?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். வெளியே மருந்துக்கு நின்றவர்கள் இருமினார்கள்.

"நாலு நிமிஷம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.